கைக்காசில் ஒரு டிராக் கார்: கார்புரேட்டரும் டர்போவும்

அமெரிக்காவில் வீட்டுக் கராஜில், கால் மைல் நேர்கோட்டுப் பந்தயத்துக்கான டிராக் கார் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைப் பிடிக்கிறார்கள். பழைய வழியில் செவ்ரலேயின் 350 கன அங்குல வி-8 எஞ்சின், அதன் தலையில் நான்கு பேரல் கார்புரேட்டர், பின்னால் இரண்டே கியர் கொண்ட பவர்கிளைடு ஆட்டோமேட்டிக். புதிய வழியில், காயலான்கடைக்கு வந்த சில்வராடோ பிக்கப்பிலிருந்து கழற்றிய 5.3 லிட்டர் எஞ்சின், மலிவான ஒரு டர்போ, இரண்டையும் சுமக்க 1979 முதல் 1993 வரை வந்த ஃபாக்ஸ்-பாடி மஸ்டாங். இரண்டு வண்டிகளையும் அதிகம் செலவில்லாமல் கட்டி நிறுத்தலாம். ஆனால் கட்டி முடித்ததற்கும் பந்தயத்துக்குத் தயாரானதற்கும் இடையே ஒரு நீண்ட கட்டம் இருக்கிறது. பலருடைய பணம் தீர்வது அங்கேதான். அதனால் அந்தக் கட்டத்தை வைத்தே இந்த இரண்டையும் எடை போட வேண்டும் என்பது என் கருத்து.

குதிரைத்திறனுக்குக் கொடுக்கும் விலையை மட்டும் பார்த்தால் டர்போவுக்கே வெற்றி. 1999 முதல் பிக்கப்புகளில் லட்சக்கணக்கில் வந்த எஞ்சின் அந்த 5.3. வார்ப்பிரும்பு பிளாக், ரோலர் லிஃப்டர், தொழிற்சாலையிலிருந்தே ஃபியூவல் இன்ஜெக்‌ஷன். உள்பாகங்களை மாற்றாமலே டர்போ அழுத்தத்தில் 600 குதிரைத்திறன் வரை பலர் எடுக்கிறார்கள். கவனமாகச் செய்கிறவர்கள் பிஸ்டனை வெளியே எடுத்து ரிங் முனைகளுக்கு இடையிலான இடைவெளியை மட்டும் கூட்டிக்கொள்வார்கள். கூடுதல் சூட்டில் ரிங் விரிந்து முனைகள் முட்டிக்கொண்டால் பிஸ்டனின் விளிம்பே உடைந்துவிடும். பழைய 350-இல் 350 குதிரைத்திறனைத் தொடவே நல்ல சிலிண்டர் ஹெட்டும் கேம்ஷாஃப்டும் வேண்டும்.

முதல் ஸ்டார்ட்டில் கணக்கு மாறத் தொடங்குகிறது. பழைய எஞ்சினில் ஃப்ளாட் டேப்பட் கேம் போட்டிருந்தால் ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. எஞ்சின் பற்றியதும் ஐடிலில் விடாமல் 2000 முதல் 2500 ஆர்.பி.எம். வரை ஏற்றி, துத்தநாகம் கூடுதலாக உள்ள எண்ணெயில் சுமார் 20 நிமிடம் ஓட்ட வேண்டும். அதைத் தவறவிட்டால் கேமின் லோப் தேய்ந்து, இரும்புத் தூள் எஞ்சின் முழுக்கப் பரவும். அதைத் தாண்டிவிட்டால் மிச்சம் இக்னிஷன் டைமிங், கார்புரேட்டரின் மிதவை மட்டம், ஜெட் அளவு. ஒரு டைமிங் லைட்டும் ஸ்குரூடிரைவரும் போதும்.

ரோலர் லிஃப்டர் உள்ள 5.3-க்கு அந்தச் சடங்கு தேவையில்லை. ஆனால் அதற்கு ஒயரிங் வேண்டும், எஞ்சினை ஆளும் கணினியான ஈ.சி.யூ. வேண்டும், அதற்குள் எரிபொருள் கணக்கையும் டைமிங்கையும் எழுதத் தெரிந்த ஒருவர் வேண்டும். டர்போவுக்குப் போகும் எண்ணெய் புவியீர்ப்பில்தான் திரும்பி வர வேண்டும். திரும்பும் குழாய், சம்ப்பில் எண்ணெய் மட்டத்துக்கு மேலே சேரவில்லையென்றால் டர்போவின் சீல் வழியாகப் புகை கக்கும். எக்ஸாஸ்ட் சூடு பிரேக் குழாயையும் ஒயரையும் நெருங்காமல் கவசம் கட்ட வேண்டும். அழுத்தம் ஏறும்போது எரிபொருள் பம்ப் பின்தங்கினால் கலவையில் பெட்ரோல் குறைந்து, சில விநாடிகளில் பிஸ்டன் உருகும். டர்போ மலிவாகக் கிடைத்ததில் மிச்சமான பணமெல்லாம் இப்படித்தான் ஒவ்வொரு பொட்டலமாக வெளியே போகிறது.

இதைவிடப் பெரிய செலவு விதிப்புத்தகத்தில் இருக்கிறது. 1951-இல் வாலி பார்க்ஸ் தொடங்கிய என்.எச்.ஆர்.ஏ. என்ற டிராக் பந்தய அமைப்பு, கால் மைலை எத்தனை விநாடியில் கடக்கிறாய் என்பதைப் பார்த்தே பாதுகாப்புச் சாமான்களைக் கேட்கிறது. வண்டியின் எடையைக் குதிரைத்திறனால் வகுத்து, கனமூலம் கண்டு, 5.825-ஆல் பெருக்கினால் உத்தேச நேரம் கிடைக்கும். 3000 பவுண்டு எடையும் 350 குதிரைத்திறனும் உள்ள கார்புரேட்டர் வண்டிக்கு ஏறக்குறைய 11.9 விநாடி வருகிறது. ஹெல்மெட், ஸ்லிக் டயர் போட்டிருந்தால் புரொப்பெல்லர் ஷாஃப்டைத் தாங்கும் வளையம், பேட்டரியை டிக்கிக்கு மாற்றியிருந்தால் வெளியிலிருந்து எஞ்சினை அணைக்கும் சுவிட்ச், கூலன்ட் வழிந்தால் பிடிக்கும் டப்பா என்று இவற்றோடு சோதனையைத் தாண்டிவிடலாம். கூரையுள்ள பழைய கார்களுக்கு ரோல் பார் கட்டாயமாவது 11.49-இலிருந்துதான்.

டர்போ மஸ்டாங்குக்கு 3200 பவுண்டு, 600 குதிரைத்திறன் என்று போட்டால் 10.2 விநாடி, மணிக்கு சுமார் 134 மைல். 11.49-ஐத் தாண்டியதால் ரோல் பார் வேண்டும். 10.99-ஐயும் தாண்டியதால், பின் ஆக்ஸில் கம்பிகளைச் சந்தையில் கிடைக்கும் வலுவானவையாக மாற்றி, ஒடிந்தாலும் சக்கரத்தோடு கழன்று ஓடாதபடி பிடிமானம் போட வேண்டும். சான்று பெற்ற ஹார்மோனிக் பேலன்சரும் வேண்டும். இன்னும் ஐம்பது குதிரைத்திறன் ஏற்றினால் வண்டி 9.9-க்குப் போய்விடும். 9.99 விநாடி அல்லது மணிக்கு 135 மைல் என்ற கோட்டைக் கடந்ததும் முழு ரோல் கேஜ், சேசிஸ் சான்று, ஓட்டுநருக்குப் போட்டி உரிமம், சான்று பெற்ற ஃப்ளெக்ஸ்பிளேட், கியர்பெட்டிக்குக் கவசம் என்று வரிசையாகக் கேட்பார்கள். அந்த ஐம்பது குதிரைத்திறனுக்கு டர்போவில் ஆகும் செலவு, அழுத்தத்தைக் கூட்டும் பூஸ்ட் கன்ட்ரோலரைக் கொஞ்சம் திருப்புவது மட்டுமே. அதன் பின்னால் வரும் பில், சில சமயம் எஞ்சினும் டர்போவும் சேர்ந்த விலையைவிடப் பெரியது. இந்த விதிகளைச் சுமையாக நினைப்பது சரியல்ல. 134 மைல் வேகத்தில் ஆக்ஸில் ஒடிந்து சக்கரம் கழன்றால் என்ன நடக்கும் என்று தெரிந்தவர்கள் எழுதியவை அவை. எந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கப்போகிறோம் என்பதை எஞ்சின் வாங்கும் முன்பே முடிவு செய்வதுதான் பணத்தைக் காப்பாற்றும்.

ஓடுதளத்தில் முதல் நாள் இரண்டு வண்டிகளுக்கும் முறை ஒன்றுதான். கிளம்பி 60 அடியில் ஆக்சிலரேட்டரை விடு, அடுத்த முறை 330 அடி, பிறகு 660, எல்லாம் சரியாக இருந்தால்தான் முழு 1320 அடி. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் வீல் நட்டுகளை இறுக்கிப் பார்ப்பது, அடியில் கசிவு தேடுவது, ஸ்பார்க் பிளக்கின் நிறம் படிப்பது. ஓடுதளம் தரும் டைம் ஸ்லிப்பில் முதலில் பார்க்க வேண்டியது 60 அடி நேரம். அங்கே பத்தில் ஒரு விநாடி குறைந்தால் முடிவுக் கோட்டில் அதைவிடக் கூடுதலாகவே குறையும். கையில் மிச்சமிருக்கும் பணம் டயருக்கும் ஷாக் அப்சார்பருக்கும் போவது நல்லது. இது கார்புரேட்டர் வண்டிக்கு யோசனை, டர்போ வண்டிக்கு நிர்ப்பந்தம். 600 குதிரைத்திறனைத் தேய்ந்த டயர் தரையில் இறக்காது.

உள்ளூர் ஓடுதளங்களில் ஏழைக்கும் இடமுள்ள பந்தயம் பிராக்கெட். தன் வண்டி எடுக்கும் நேரத்தை ஓட்டுநரே கண்ணாடியில் எழுதுகிறார். மெதுவான வண்டி முன்னால் கிளம்புகிறது. எழுதியதைவிட வேகமாக ஓடினால் தோல்வி. இதில் 11.90-ஐ விடாமல் திரும்பத் திரும்ப ஓடும் வண்டி, 10.2-க்கும் 10.4-க்கும் இடையே அலையும் வண்டியை வெல்லும். ஒரே ஒரு முறை கியர் மாறும் பவர்கிளைடும் காற்றை அப்படியே இழுக்கும் எஞ்சினும் இதற்கென்றே பிறந்தவை. வெயில் ஏறினால் அந்த வண்டி மெதுவாகும்தான். ஆனால் எவ்வளவு மெதுவாகும் என்பதை முன்கூட்டியே கணிக்கலாம். டர்போவில் கிளம்பும் கணத்தில் அழுத்தம் எவ்வளவு எழும் என்பது எஞ்சின் சூட்டையும், கோட்டில் எத்தனை நேரம் காத்திருந்தோம் என்பதையும் பொறுத்தது. அதை அடக்கப் பழக ஒரு முழுப் பருவம் ஆகலாம்.

ஆகவே பணம் குறைவு, இந்த ஆண்டே ஓட வேண்டும் என்பவருக்குக் கார்புரேட்டர் வண்டியையே சொல்வேன். ஏற்கெனவே டர்போ வண்டியைக் கட்டி நிறுத்திவிட்டவருக்கும் அந்த வண்டியே ஒரு வசதி தருகிறது. பூஸ்ட் கன்ட்ரோலரை இணைக்காமல் வேஸ்ட்கேட்டின் ஸ்பிரிங் தரும் குறைந்தபட்ச அழுத்தத்திலேயே முதல் மாதங்களை ஓட்டலாம். மென்மையான ஸ்பிரிங் போட்டால் வண்டி 11.5-க்கு மேலேயே நிற்கும். ஆக்ஸிலும் ரோல் பாரும் அடுத்த ஆண்டுக் கணக்குக்குப் போகும். அதற்குள் ஈ.சி.யூ. பதிவு செய்யும் ஒவ்வொரு ஓட்டத்திலும் எரிபொருள் அழுத்தம் எங்கே தளர்கிறது என்பது தெரிந்துவிடும். கார்புரேட்டர்காரர் அதை ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித்தான் ஊகிக்க வேண்டும்.