மாதிரி விமானமும் இரட்டை எஞ்சினும்

மனிதன் எஞ்சின் பூட்டிய விமானத்தில் ஏறிப் பறப்பதற்கு முன்னரே அவன் செய்த மாதிரிகள் பறந்துவிட்டன. 1896ஆம் ஆண்டு மே மாதம் 6ஆந் திகதி, அமெரிக்காவின் பொற்றோமக் ஆற்றின்மேல் சாமுவேல் லாங்லி ஏவிய ஆளில்லா நீராவி விமானம் ஏறத்தாழ ஆயிரம் மீற்றர் தூரம் பறந்தது. அதற்கு விசிறிகள் இரண்டு, எஞ்சினோ ஒன்றே. 1903 டிசெம்பர் 17ஆந் திகதி பறந்த ரைற் சகோதரரின் விமானமும் அவ்வாறே ஒரு பெற்றோல் எஞ்சினையும், சங்கிலிகளாற் சுழலும் இரு விசிறிகளையும் உடையது. எஞ்சின் நின்றால் விசிறிகள் இரண்டும் ஒருங்கே ஓயும். ஒருபக்க இழுப்பு நேராது. இரண்டு எஞ்சின் பூட்டியோர்க்கு இந்த வசதி வாய்க்கவில்லை.

1898இல் நிக்கொலா தெஸ்லா நியூயோர்க்கில் ஒரு சிறு படகை வானொலி அலையாற் செலுத்திக் காட்டினார். அவ்வித்தையை மாதிரி விமானத்தில் வெற்றியுடன் நாட்டியோருள் முதன்மையானோர் மிச்சிகன் மாநிலத்து இரட்டையரான வால்ற்றர் குட், வில்லியம் குட் என்போர். 1937இற் பறந்த அவர்தம் 'கஃப்' என்னும் ஒற்றை எஞ்சின் விமானம் மறு ஆண்டு தேசியப் போட்டியில் வென்றது. பின்னர் சிமித்சோனியன் நூதனசாலையைச் சேர்ந்தது. அக்காலக் கருவிகள் பல, முறுக்கிய இறப்பர் நாடாவின் விசையாற் சுக்கானை இடமோ வலமோ தள்ளுவனவேயன்றி, எஞ்சினின் வேகத்தைத் தொடவில்லை. கை அசைந்த அளவுக்கே சுக்கானும் அசையும் முறை 1960களிலேதான் பரவிற்று. இரட்டை எஞ்சினை ஆள விரும்பியோர் காத்திருக்கவேண்டியதாயிற்று என்பதில் வியப்பில்லை.

இதனிடையே 1947ஆம் ஆண்டளவில் ரே ஆர்டன் என்பார் விற்பனைக்குக் கொணர்ந்த தணற்செருகி, சிற்றெஞ்சினின் பாரத்தைப் பெரிதுங் குறைத்தது. தொடக்கத்திற் பற்றரியால் தணலாக்கப்படும் பிளாற்றினக் கம்பிச் சுருள், எஞ்சின் ஓடியபின் தானே தணல்மாறாது நின்று மெதனோலை எரிக்கும். மசகுக்கு ஆமணக்கெண்ணெய் கலப்பதும் உண்டு. ஆயின் கலவையின் அளவை ஊசித்திருகே தீர்மானிக்கும். திருகை இறுக்கினால் கலவை ஐதாகி வேகம் ஏறும். மிகையாக இறுக்கினாலோ எஞ்சின் சூடேறி நின்றுவிடும். ஒற்றை எஞ்சின்காரர் உச்சவேகத்தை நாடலாம். இரட்டை எஞ்சின்காரர் அவ்வாசையைத் துறத்தல் வேண்டும். சற்றே செறிந்த கலவையில் இரண்டும் தவறாது ஓடுவதே அவர்க்குப் பெரிது. ஆகவே ஒவ்வொன்றையுந் தனித்தனியே திருத்தி, விமானத்தின் மூக்கை வானோக்கி நிமிர்த்தி ஓட்டிப் பார்ப்பர். அந்நிலையில் எரிபொருள் மேலேறச் சிரமப்பட்டுக் கலவை ஐதாகும். அங்கே தளரும் எஞ்சின் வானிலும் தளரும். பின்பு இரண்டையும் ஒருங்கே ஓட்டிச் செவிகொடுப்பர். வேகங்கள் நெருங்குகையில் ஒலி ஏறியிறங்கி அலையாகக் கேட்கும். அவ்வலை மெதுவாகி மறையுமிடத்து இரண்டும் ஒத்தன. ஆயினும் வேகச் சிறுவேற்றுமையைச் சுக்கான் பொறுக்கும். எஞ்சின் ஒன்று முற்றாக நிற்பதை எளிதிற் பொறாது.

நின்றுவிட்டால் நிகழ்வது இது: ஓடும் எஞ்சின் தன் பக்கத்துச் சிறகை முன்தள்ள, மூக்கு நின்ற பக்கம் திரும்பும். வேகம் குறையக் குறையச் சுக்கானின் வலுவுங் குறையும்; ஓர் எல்லைக்குக் கீழே விமானம் புரண்டு வீழும். பின்னிருந்து நோக்க இரு விசிறிகளும் வலஞ்சுழியாய்ச் சுழலின், இடப்பக்க எஞ்சின் நிற்பதே கூடிய கேடு. புதியவர் உயரத்தைக் காக்க எண்ணி ஓடும் எஞ்சினை முடுக்குவர், அதுவே அழிவு. தேர்ந்தவர் அதன் வேகத்தைத் தணித்து, மூக்கைத் தாழ்த்தி, ஓடும் எஞ்சின் பக்கமாகச் சுக்கானைக் கொடுத்து இறக்குவர். தரையில் நிற்பவர்க்கு எந்த எஞ்சின் நின்றதென அறிவதே அரிதாகலின், வேகத்தைத் தணிப்பதை முதலிற் செய்தல் தக்கது.

அண்மைக் காலத்து மின்மோட்டர்கள் இவ்வச்சத்தைப் பெரும்பாலும் நீக்கின. ஊசித்திருகு அவற்றிற்கில்லை, ஒரே பற்றரி இரண்டையும் இயக்கவுங் கூடும். இருபுற வேகத்தையும் வேண்டுமென்றே வேறுபடுத்தி, தரையிலும் நீரிலும் விமானத்தைத் திருப்புவோரும் உளர்.