கருப்பை நீக்கத்துக்குப் பின்: பொம்மிடி வட்டாரப் பெண்களும் ஹார்மோன் மாற்றுச் சிகிச்சையும்

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹார்மோன் மாற்றுச் சிகிச்சை தருவது நன்மையா, ஆபத்தா என்ற விவாதம் இருபதாண்டுகளைத் தாண்டியும் ஓயவில்லை. அது பெரும்பாலும் அமெரிக்க, பிரிட்டன் பெண்களை முன்வைத்து நடந்த விவாதம். தருமபுரி மாவட்டம் பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்தில், சேர்வராயன் மலையடியில் உள்ள பொம்மிடி போன்ற ஊர்களில் நின்று பார்த்தால் கேள்வி வேறு விதமாக எழுகிறது. மாத்திரையால் ஒரு பெண்ணுக்குக் கெடுதல் வருமா என்று கேட்பதற்கு முன்பு, அது அவளுக்குத் தேவையா என்று யார் சோதித்துச் சொல்வது என்று கேட்க வேண்டியிருக்கிறது. 45 வயதுக்கு முன்பே, குறிப்பாக அறுவைச் சிகிச்சையால், மாதவிடாய் நின்றுபோன பெண்களிடமிருந்து தமிழ்நாட்டின் பொதுச் சுகாதாரத் துறை இந்தச் சிகிச்சையைத் தொடங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். அவர்களுக்குத்தான் மருத்துவச் சான்று மிகத் தெளிவாக இருக்கிறது.

கணக்கில் வராத வயது

கருவுற்ற நாளிலிருந்து ஒரு பெண்ணைத் தமிழ்நாடு அக்கறையோடு கவனிக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் வரை உதவி கிடைக்கிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) மாநிலத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டவர்கள். அதோடு பெண்ணுக்கும் மகப்பேறு மருத்துவத்துக்கும் உள்ள உறவு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அந்த ஆய்வே பெண்களை 49 வயதோடு விட்டுவிடுகிறது. மேலைநாடுகளில் சராசரியாக 51 வயதில் நிற்கும் மாதவிடாய், இந்தியாவில் 46 வயதை ஒட்டியே நின்றுவிடுகிறது. அதன் பின்விளைவுகள் முற்றும் ஆண்டுகளில் அந்தப் பெண்கள் ஆய்வின் எல்லைக்கு வெளியே போய்விடுகிறார்கள்.

இயல்பாக நிற்பவர்களைவிட அவசரமான கவனிப்பு தேவைப்படுபவர்கள் கருப்பை நீக்கப்பட்டவர்கள். நாட்டில் 15–49 வயதுப் பெண்களில் ஏறக்குறைய 3 விழுக்காட்டினர் கருப்பையை எடுத்துக்கொண்டவர்கள். ஆந்திராவில் இது 9 விழுக்காட்டை நெருங்குகிறது. இந்த அறுவைகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு தனியார் மருத்துவமனைகளில் நடக்கிறது. பெண்கள் சொல்லும் முதன்மைக் காரணம் அதிக உதிரப்போக்கு. தேவையற்ற கருப்பை நீக்கங்களைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் பின்பற்ற வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த உத்தரவு இனி நடக்கவிருக்கும் அறுவைகளுக்குப் பொருந்தும். முன்பே அறுவை நடந்துவிட்ட பெண்களின் அடுத்த நாற்பது ஆண்டுகளைப் பற்றி அது பேசவில்லை.

இங்கே ஒரு காகிதத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். வீடு திரும்பும்போது தரப்படும் டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘டி.ஏ.எச்.’ என்றிருந்தால் கருப்பை மட்டும் எடுக்கப்பட்டிருக்கிறது. ‘பி.எஸ்.ஓ.’ என்று சேர்ந்திருந்தால் இரண்டு சினைப்பைகளும் போய்விட்டன. முதல் வகையில் சினைப்பைகளின் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் சுரப்பு தொடரும். இயல்பைவிடச் சில ஆண்டுகள் முன்னதாக ஓயக்கூடும். இரண்டாம் வகையில் அறுவை முடிந்த சில நாட்களிலேயே அந்தச் சுரப்பு அறுந்துவிடும். முப்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு இது ஏற்பட்டால் எலும்பு மெலிவும் இதய நோயும் வரும் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் “கர்ப்பப்பையை எடுத்தாச்சு” என்பதோடு அவளுக்குச் சொல்லப்பட்ட செய்தி முடிந்துபோகிறது. ஆங்கிலத்தில் எழுதிய அந்த மூன்றெழுத்து அவளுக்குத் தெரியாது. சில ஆண்டுகள் கழித்து “உடம்பெல்லாம் காந்துது, ராத்திரி தூக்கமில்லை, நெஞ்சு படபடங்குது” என்று அவள் வந்து நிற்கும்போது, எதிரே இருக்கும் மருத்துவருக்கும் அது தெரிய வழியில்லை. வலி மாத்திரையும் சத்து மாத்திரையும் தந்து அனுப்புவது அப்போது எளிதாகிவிடுகிறது.

2002 சொன்னதும் சொல்லாததும்

சினைப்பைச் சுரப்பின் குறையை ஈடுசெய்யும் ஹார்மோன் சிகிச்சை மீதான அச்சத்தின் வேர் ‘விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ என்ற அமெரிக்க ஆய்வில் இருக்கிறது. கருப்பை உள்ள 16,608 பெண்கள் பங்கேற்ற அதன் ஒரு பிரிவு 2002 ஜூலையில் பாதியில் நிறுத்தப்பட்டது. ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டோஜன் என்ற இன்னொரு ஹார்மோனும் எடுத்தவர்களிடம் மார்பகப் புற்றுநோய் 26 விழுக்காடு கூடியது என்ற செய்தி உலகெங்கும் பரவியது. அந்த விழுக்காட்டை ஆட்கணக்கில் பார்த்தால், ஆண்டுக்கு 10,000 பெண்களில் 30 பேருக்கு வரும் நோய் 38 பேருக்கு வந்தது. கூடுதல் எட்டுப் பேர் என்பது புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால் அந்த ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. பெரும்பாலும் மாதவிடாய் நின்று பத்தாண்டுகளுக்கு மேலானவர்களிடம் கண்ட முடிவை, சினைப்பை இழந்த முப்பத்தெட்டு வயதுப் பெண்மீது ஏற்றுவதற்கு மருத்துவத் தர்க்கம் இல்லை.

அதே ஆய்வின் இன்னொரு பிரிவு கருப்பை நீக்கப்பட்ட 10,739 பெண்களைப் பற்றியது. அவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் தரப்பட்டது. பக்கவாதம் சற்றுக் கூடியதால் 2004இல் இதுவும் நிறுத்தப்பட்டது. ஆனால் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. நீண்ட காலத் தொடராய்வில் அது குறைந்தே காணப்பட்டது. இடுப்பெலும்பு முறிவும் குறைந்தது. பொம்மிடிப் பகுதியில் கருப்பை எடுத்துக்கொண்ட பெண்ணுக்கு நேரடியாகப் பொருந்துவது இந்தப் பிரிவுதான். இரண்டு பிரிவுகளின் முடிவுகளும் ஒரே அச்சமாகக் கலந்துபோனதன் விலை பெரிது. அமெரிக்காவில் கருப்பை நீக்கப்பட்ட 50–59 வயதுப் பெண்கள் ஈஸ்ட்ரோஜனைத் தவிர்த்ததால் பத்தாண்டுகளில் குறைந்தது 18,601 பேர் முன்கூட்டியே இறந்திருக்கலாம் என்று 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

மாதவிடாய் நின்று பத்தாண்டுக்குள், அல்லது 60 வயதுக்குள் தொடங்கினால், பொருத்தமான பெண்ணுக்கு நன்மையே மேலோங்கும் என்பது இன்று பன்னாட்டு மருத்துவ அமைப்புகளின் பொதுவான நிலைப்பாடு. 45 வயதுக்கு முன்பே நின்றவர்களுக்கு, தடை ஏதும் இல்லையெனில், இயல்பாக நிற்கும் வயது வரையாவது இச்சிகிச்சையைத் தர வேண்டும் என்பது அதனினும் உறுதியான பரிந்துரை.

புளோரைடும் எலும்பும்

தருமபுரிக்கென்று ஒரு சிக்கல் உண்டு. இம்மாவட்டத்தின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்ததே இதற்காகத்தான். இன்று ஐம்பதை எட்டும் பெண்களோ தங்கள் இளமை முழுவதும் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்தவர்கள். புளோரைடு எலும்பில் படிந்தால் மூட்டு இறுகி வலிக்கும். மாதவிடாய் நின்ற பெண்ணும் மூட்டு வலியையே சொல்வாள். காடு கழனியில் குனிந்து உழைத்த உடம்பும் அதையே சொல்லும். எலும்பு அடர்த்தியை அளந்தாலும் குழப்பம் தீராது; புளோரைடு படிந்த எலும்பு கருவியில் அடர்த்தியாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் எளிதில் முறியும் தன்மை கொண்டது. எனவே இங்கே ஒரு பெண்ணின் எலும்பை மதிப்பிட அவளது மாதவிடாய் வரலாறு, அறுவை வரலாறு, குடிநீர் வரலாறு ஆகிய மூன்றையும் சேர்த்துக் கேட்டாக வேண்டும். குடிநீரில் வந்த கேட்டைத் தன் பொறுப்பாக ஏற்றுப் பெருந்திட்டம் தீட்டிய அரசு, அதே எலும்புகளைப் பாதிக்கும் ஹார்மோன் குறைவைப் பெண்ணின் சொந்தச் சங்கடமாக விட்டுவிடுவதில் நியாயமில்லை.

மறுப்புகள்

மூன்று மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, மாதவிடாய் நிற்பது இயற்கை; அதற்கு மருந்து எதற்கு என்பது. இயல்பாக நின்று, பெரிய தொல்லையின்றி இருப்பவருக்கு மருந்து வேண்டியதில்லைதான். முப்பத்தைந்தில் கத்தியால் நேர்ந்ததை இயற்கை என்று சொல்ல முடியாது.

இரண்டாவது, இந்தியப் பெண்களிடம் சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் மிகுதி என்பது. இது கனமான மறுப்பு. மார்பகப் புற்றுநோய், காரணம் தெரியாத உதிரப்போக்கு, இரத்த உறைவு, மாரடைப்பு, பக்கவாதம், தீவிரக் கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு இச்சிகிச்சை பொதுவாக ஆகாது. உறைவு அபாயம் உள்ளவர்களுக்கு மாத்திரையைவிடத் தோலில் தடவும் ஜெல் பாதுகாப்பானது. கருப்பை உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் தந்தால் கருப்பை உட்சுவரில் புற்றுநோய் வரலாம் என்று 1975லேயே தெரிந்துவிட்டது; அவர்களுக்குப் புரோஜெஸ்டோஜனும் சேர்த்தே தர வேண்டும். இவை அனைத்தும் சோதித்துத் தருவதற்கான காரணங்கள். சோதிக்காமல் விடுவதற்கான காரணங்களாக இவற்றைக் கொள்ளக் கூடாது.

மூன்றாவது, கிராமத்தில் அந்தச் சோதனைக்கு வசதி ஏது என்பது. இரத்த அழுத்தம், சர்க்கரை, மார்பகம், கருப்பை வாய் ஆகியவற்றை முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களிடம் பரிசோதிக்கும் ஏற்பாடு நம் அரசு மருத்துவமனைகளில் முன்பே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீடு வீடாக மாத்திரை கொண்டு சேர்க்கிறது. கொதிப்பு மாத்திரையோடு வரும் பெண் தன்னார்வலரால் இரண்டு கேள்விகளைக் கூடுதலாகக் கேட்க முடியும்: தீட்டு நின்றது எந்த வயதில்? கர்ப்பப்பை எடுத்திருக்கிறதா?

செய்ய வேண்டியவை

முதலில், கருப்பை நீக்கும் ஒவ்வொரு மருத்துவமனையும் சினைப்பை எடுக்கப்பட்டதா, இருக்கிறதா என்பதைத் தமிழில் எழுதித் தர வேண்டும். எடுக்கப்பட்டிருந்தால் அடுத்த சிகிச்சை என்ன என்பதும் அதில் இருக்க வேண்டும். அடுத்து, 45 வயதுக்கு முன் மாதவிடாய் நின்றவர்களின் பட்டியலை ஆரம்ப சுகாதார நிலையங்கள் தயாரித்து, தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகளிர் நல மருத்துவர்களிடம் ஒருமுறையாவது அனுப்ப வேண்டும். அங்கே தொடங்கப்பட்ட சிகிச்சை உள்ளூர் நிலையத்திலேயே இலவசமாகத் தொடர வேண்டும். அரசின் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் உள்நோயாளிச் சிகிச்சைக்கே பணம் தருகிறது. உறுப்பை எடுக்கப் பொதுப்பணம் செலவிடப்படும் நிலையில், எடுத்ததால் வந்த குறையை ஈடுசெய்யும் மாத்திரையைப் பெண் தன் கூலியிலிருந்து வாங்க நேர்வது அநீதி. அதைச் சரிசெய்யப் புதிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. தெரிந்த மருத்துவத்தை, அது மிகத் தெளிவாகப் பொருந்தும் பெண்களிடம் கொண்டுசேர்த்தால் போதும்.