மழை அணிகளைக் கூட்டும் மூன்று வரிகள்: ஓர் உரை

வில்லியனூர் சாலையில் இருக்கும் மூலக்குளத்தில் ஒரு மாணவர் ஆர் என்னும் கணினி மொழி பழகத் தொடங்கினால், அவருக்கு ஏற்ற பயிற்சி சொந்த மண்ணின் மழைக்கணக்குதான். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் எனப் புதுச்சேரி யூனியன் பிரதேசத்துக்கு நான்கு பகுதிகள். பகுதிக்கு ஓர் அணி. 12 மாதங்கள் நிரைகள், 10 ஆண்டுகள் நிரல்கள். நான்கின் பெயரும் 'மழை_' என்றே தொடங்கும். இவற்றைக் கூட்டிச் சராசரி காணும் வரிகள் இவை. ஆணைகளை ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன். கணினியில் ரோமன் எழுத்தில் தட்ட வேண்டும்.

மூலம்

1. தொகுப்பு <- எம்கெட்(எல்எஸ்(பேட்டர்ன் = "^மழை_"))
2. கூட்டல் <- ரெட்யூஸ்("+", தொகுப்பு)
3. சராசரி <- கூட்டல் / லெங்த்(தொகுப்பு)

முதல் வரி

உள்ளிருந்து வெளியே படிக்க வேண்டும். 'எல்எஸ்' நினைவகத்தில் உள்ள பெயர்களைச் சொல்லும். 'பேட்டர்ன்' அவற்றை வடிகட்டும். '^' குறி, பெயர் அந்த எழுத்துகளில் தொடங்க வேண்டும் என்பதற்காக. அது இல்லாவிட்டால் 'பழைய_மழை_பதிவு' போன்றவையும் உள்ளே வந்துவிடும்.

எல்எஸ் தருவது வெறும் பெயர்களே; பெயர்களைக் கூட்ட முடியாது. அந்தப் பெயர்களுக்குரிய அணிகளை எடுத்து ஒரே பட்டியலில் வைப்பது 'எம்கெட்'.

இரண்டாம் வரியின் விடைக்கு 'மழை_மொத்தம்' என்று ஏன் பெயரிடவில்லை எனின், முதல் வரியை மறுமுறை ஓட்டும்போது அந்த விடையும் ஐந்தாவது அணியாகச் சேர்ந்துவிடும். பிழைச்செய்தி வராது, விடை மட்டும் தவறும்.

இரண்டாம் வரி

'ரெட்யூஸ்' முதல் இரண்டு அணிகளைக் கூட்டும். அந்த விடையோடு மூன்றாவதை, பிறகு நான்காவதைக் கூட்டும். கட்டத்துக்குக் கட்டம் கூட்டுவதால் விடையும் 12 நிரை, 10 நிரல் கொண்ட அணியாகவே இருக்கும். 'சம்' என்ற ஆணையைப் போட்டால் 480 எண்களும் ஒற்றை எண்ணாகிவிடும்.

அளவு பொருந்தாத அணிகளைக் கூட்ட ஆர் மறுக்கும். ஆனால் நிரைகளின் பெயரை அது ஒப்பிடாது. ஓர் அணி ஜனவரியிலும் மற்றொன்று ஜூனிலும் தொடங்கினால், ஜனவரி மழையோடு ஜூன் மழையைக் கூட்டிவிட்டுப் பேசாமல் இருக்கும். கூட்டுமுன் நிரைப்பெயர்களைச் சரிபார்ப்பது நம் கடமை.

மூன்றாம் வரி

4 என்று எழுதாமல் 'லெங்த்' என்று எழுதியது, அணிகள் கூடினாலும் குறைந்தாலும் வகுக்கும் எண் தானே மாற வேண்டும் என்பதற்காக.

ஒரு கட்டத்தில் பதிவு இல்லையென்றால் அங்கே 'என்ஏ' நிற்கும். அந்தக் கட்டத்தின் சராசரியும் என்ஏ ஆகும். அதைச் சுழியமாக்கிவிடக் கூடாது. மழைமானியைப் பார்க்காத மாதம் மழை பெய்யாத மாதமல்ல. மூன்று அணிகளில் அதே கட்டத்தில் 10, 20, 30 இருந்து நான்காவதில் விடுபட்டிருந்தால், இருப்பவற்றின் சராசரி 20. சுழியமிட்டால் 15 என்று குறைந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் அணிகளை முப்பரிமாண அடுக்காக்கி, 'அப்ளை' ஆணையில் 'என்ஏ.ஆர்எம்' என்பதை ட்ரூ ஆக்கிச் சராசரி காண வேண்டும்.

பொருள் முடிபு

வரிகள் சரியாக ஓடிவிட்டன. விடைக்குப் பொருள் உண்டா? புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் பெருமழை வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை. கேரளக் கரையில் உள்ள மாஹேவுக்குத் தென்மேற்குப் பருவத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை. ஏனாம் இருப்பதோ கோதாவரிக் கழிமுகத்தில். நான்கையும் சராசரியாக்கினால் வருவது எந்த ஊரிலும் பெய்யாத ஒரு மழை. மேலும் மாஹேயின் பரப்பு சுமார் 9 சதுர கிலோமீட்டர். புதுச்சேரிப் பகுதி சுமார் 290. இரண்டுக்கும் சம எடை தருவது நியாயமாகாது. பரப்பை எடையாகப் பெருக்குவதானால் பட்டியலின் வரிசையைக் கவனிக்க வேண்டும்: எல்எஸ் ரோமன் அகரவரிசையில் காரைக்கால், மாஹே, புதுச்சேரி, ஏனாம் என்றே அடுக்கும்.

ஒரே பகுதிக்கு ஆண்டுக்கு ஓர் அணி வைத்து, அவற்றைச் சராசரியாக்குவதே பயனுள்ள கணக்கு. அதற்கும், கோப்புகளைப் படிக்கும்போதே அணிகளை ஒரு பட்டியலில் சேர்த்துவிடுங்கள். முதல் வரியே தேவைப்படாது. பெயர் ஒத்திருப்பதைக் கணினி பார்த்துக்கொள்ளும். பொருள் ஒத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டியவர் நீங்கள்.