குப்பியின் விலையும் பெறுமதியும்

மன்னார்க் கரையிலுள்ள அரிப்பு, முத்துக்குப் பெயர்போன ஊர். அரிப்பு என்னும் தமிழ்ச் சொல் இரு பொருள் தருவது. நீர் கரையைத் தின்பதும் அரிப்பே. சல்லடையிலிட்டுப் பெரியதையும் சிறியதையும் பிரிப்பதும் அரிப்பே. ஊர்ப்பெயர் எவ்வாறு அமைந்ததாயினும், அவ்விரு செயல்களும் அங்கு நிகழ்ந்துள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தேசாதிபதி பிரெடரிக் நோர்த் கட்டுவித்த மாளிகை கடலரிப்பினால் இடிந்து பாழடைந்து நிற்கிறது. முத்துக்குளிப்புக் காலங்களிலோ, வணிகர் பத்துப் பித்தளைச் சல்லடைகளைக் கொண்டு முத்துக்களை அரித்தனர். முதற் சல்லடைக்கு 20 துளைகள். இறுதிச் சல்லடைக்கு 1000 துளைகள். சல்லடையால் பருமனையும், கண்ணால் வடிவையும் ஒளியையும், தராசினால் எடையையும் அறிந்த பின்னரே விலை கூறினர்.

இக்கரைக்குக் கடல் வழங்கியது முத்து மட்டுமன்று. அரிப்புக்கு வடக்கே, திருக்கேதீச்சரம் அமைந்த மாந்தைத் துறைமுகத்துக்கு மேற்காசியக் கலங்களும் சீனத்துப் பீங்கானும் வந்திறங்கின. பின்னர் போர்த்துக்கேயரும், 1658இல் மன்னாரைக் கைப்பற்றிய ஒல்லாந்தரும், அவர்களுக்குப்பின் ஆங்கிலேயரும் வந்தனர். கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த றொபேர்ட் நொக்ஸ், 1679இல் தப்பி வந்தடைந்த இடமும் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையே. இத்தகைய கரையில், மழைநீரோ அலையோ மண்ணை அரித்துச் செல்லும்போது பழங் கண்ணாடிக் குப்பியொன்று வெளிப்படுமாயின், அது எக்காலத்தது? அதன் பெறுமதி யாது?

முத்தைப் போலவே குப்பியையும் படிப்படியாக அரித்துப் பார்த்தல் வேண்டும். முதலில் நோக்கத் தக்கது அதன் வாய். அச்சின் இரு பாதிகள் கூடும் இடத்தில் உண்டாகும் பொருத்துக்கோடு, கழுத்தைக் கடந்து வாயின் விளிம்பு வரை ஏறியிருப்பின், அக்குப்பி பெரும்பாலும் இயந்திரத்தில் வார்க்கப்பட்டதே. அமெரிக்கரான மைக்கல் ஓவென்ஸ் 1903ஆம் ஆண்டளவில் தானியங்கிப் போத்தல் இயந்திரத்தை ஆக்கிய பின்னரே இம்முறை பரவிற்று. கழுத்தினுள் கண்ணாடிக் கோலி அடைபட்ட சோடாப் போத்தலாயின், அது 1870களில் ஹைரம் கொட் என்னும் ஆங்கிலேயர் வகுத்த அமைப்பு, அதற்கு முற்பட்டதாகாது.

அடுத்தது அடிப்பகுதி. குழலில் ஊதிய குப்பியின் வாயைச் சீராக்கும்போது, கைவினைஞன் அதன் அடியில் ஓர் இரும்புக் கம்பியை ஒட்டிப் பிடித்துக்கொள்வான். கம்பியை முறித்தெடுத்த இடத்தில் கரடான வடு எஞ்சும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் இவ்வடு அருகிப் போயிற்று. சதுர வடிவாய், அடிநோக்கி ஒடுங்கும் தடித்த பச்சைப் போத்தல், மரப்பெட்டியின் அறைகளில் நெருக்கமாக அடுக்குவதற்கென ஒல்லாந்தர் காலத்தில் பெருவழக்காயிருந்த மதுப்போத்தலை ஒத்தது. மெல்லிய சுவரும் சமனற்ற தடிப்பும் உடைய சிறு நறுநெய்க் குப்பியோ இன்னும் பழமையதாகலாம். ஏனெனில் குழலால் ஊதும் கலை, கி.மு. முதலாம் நூற்றாண்டில் சிரிய, பலஸ்தீனக் கரைகளில் தோன்றியது.

மூன்றாவது, மேற்பரப்பின் ஒளி. நெடுங்காலம் ஈரமண்ணிற் கிடந்த கண்ணாடியிலிருந்து காரப்பொருள் கசிந்து நீங்க, அதன் புறம் மெல்லிய ஏடுகளாகப் பிரியும். அவ்வேடுகளில் ஒளி பட்டு மீளும்போது வானவில் நிறங்கள் தோன்றும். முத்தின் மினுக்கத்துக்கும் நுண்ணிய அடுக்குகளே காரணம். எனினும், முத்துக்கு அவ்வடுக்குகள் வளர்ச்சி. கண்ணாடிக்கு அவை சிதைவு. இந்நிறத்தைக் கண்டு மயங்குவோரை ஏமாற்றுதற்கென, இரசாயனப் பொருள்களால் புதுக் கண்ணாடிக்கும் இதனை ஏற்றுவர். மெய்யான பழங் குப்பியைப் பளபளப்பாக்க எண்ணித் தேய்த்துக் கழுவினால், ஏடுகள் உதிர்ந்து சான்றும் அழியும்.

இவ்வளவும் குப்பியின் காலத்தை உணர்த்தும் குறிகள். அதன் பெறுமதியை இவை முற்றும் கூறமாட்டா. முத்து, எப்பாரிலிருந்து எடுக்கப்பட்டதாயினும், அதன் விலை அதனிடத்திலேயே உள்ளது. குப்பியின் நிலை அவ்வாறன்று. அது எம்மண் படையில், எவ்வோட்டுத் துண்டுகளோடு, எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்பதே அதன் உயிர்.

மாந்தை இதற்குச் சான்று. அங்கு 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் அகழாய்வு நடைபெற்றது. போரினால் நின்ற பணி 2009, 2010ஆம் ஆண்டுகளில் மீண்டும் மேற்கொள்ளப்பட்டது. அப்போது கிடைத்தவற்றுள் ஒன்று கரியாகிய ஒரேயொரு கராம்பு. சந்தையில் அதற்கு ஒரு சதமும் கிடையாது. ஆயினும், அது கிடந்த படை குலையாதிருந்தமையால், கி.பி. 900க்கும் 1100க்கும் இடைப்பட்டதென அறிஞர் கணித்தனர். கீழ்த்திசைத் தீவுகளில் விளைந்த கராம்பு அக்காலத்தில் மன்னார்க் கரையை எட்டியமைக்கு அச்சிறு மொட்டுச் சாட்சியாயிற்று. அதே மண்ணிலிருந்து ஒருவர் முழுக் குப்பியொன்றைத் தோண்டியெடுத்து விற்றிருப்பாராயின், அவர் பெறுவது சில நாட்செலவுக்குப் பணம்; நாடு இழப்பது என்றும் மீளாத ஓர் ஏடு.

இதனாலேயே இலங்கையின் 1940ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தொல்பொருட் சட்டம், மண்ணில் மறைந்துள்ள தொல்பொருள்களை அரசின் உடைமையாக்கியது. கண்டெடுத்ததை அதிகாரிகளுக்கு அறிவித்தலும் கண்டவர் கடமை. குப்பியைக் காண்பவர் அதைப் பெயர்க்காமல், கழுவாமல், கிடந்த இடத்தைக் குறித்துவைத்து அறிவிப்பாராயின், அவரும் வரலாற்றாசிரியருக்கு உறுதுணையாவார்.

அரிப்பின் சல்லடைகள் முத்துக்களைப் பிரித்தன. மணலைக் கடலோரத்திலேயே விட்டன. பழங் குப்பியைப் பொறுத்தவரை அம்மணலும் சேர்ந்ததே செல்வம்.