வாடகைக்கு வீடு தேடுறீங்களா? ஆதார் ஜெராக்ஸ் கொடுக்கும் முன்... டோக்கன் பணம் போடும் முன்... இதைக் கொஞ்சம் கவனிங்க!

முன்பெல்லாம் வாடகைக்கு வீடு வேணும்னா தெருத்தெருவா நடந்து 'டு-லெட்' போர்டு பார்ப்போம். இப்போ எல்லாமே போன்லதான். வீட்டுப் படம், வாடகை, அட்வான்ஸ், லொகேஷன் எல்லாம் திரையிலேயே வந்துவிடுகிறது. வசதிதான். ஆனால் அதே போன் வழியாகத்தான் நம்முடைய ஆதார், பான் கார்டு, சம்பள சீட்டு எல்லாம் முன்பின் தெரியாத ஒருவரின் வாட்ஸ்அப்புக்குப் போகிறது. சில நேரம் பணமும் சேர்ந்தே போகிறது.

வீடு தேடும்போது என்னென்ன மோசடிகள் நடக்குது? எந்த ஆவணத்தை, யாரிடம், எப்போது கொடுக்கலாம்? ஏமாந்துவிட்டால் உடனே என்ன செய்ய வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

*எப்படி ஏமாத்துறாங்க?*

*1. 'டோக்கன் போட்டுடுங்க சார்'*

விளம்பரத்தில் அருமையான வீடு. அந்த ஏரியாவில் மற்றவர்கள் கேட்பதைவிட வாடகை பாதிதான். போன் செய்தால், "இன்னும் ரெண்டு ஃபேமிலி பார்த்துட்டுப் போயிருக்காங்க சார். ஒரு அஞ்சாயிரம் டோக்கன் போட்டுட்டீங்கன்னா உங்களுக்கே பிளாக் பண்ணிடுவேன்" என்பார்கள். வீட்டைப் பார்க்கலாமா என்று கேட்டால், "அபார்ட்மென்ட்ல கேட் பாஸ் எடுக்கணும், அதுக்கு ரெண்டாயிரம் ரூபாய். வீடு பிடிக்கலைன்னா திருப்பிக் கொடுத்துடுவோம்" என்று ஒரு புதுக் கதை வரும். பணம் போன அடுத்த நிமிடம் போன் ஸ்விட்ச் ஆஃப்.

இதில் ஏமாறாமல் இருக்க ஒரே விதிதான். வீட்டுக்குள் காலடி வைக்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது. வெளியூரில் இருக்கிறீர்களா? அந்த ஊரில் இருக்கும் நண்பரையோ, சொந்தக்காரரையோ நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். வீடியோ காலில் காட்டுவதை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு நாள் வாடகைக்கு எடுத்த வீட்டைக்கூட வீடியோவில் காட்டிவிட முடியும்.

*2. 'நான் ராணுவத்துல இருக்கேன்'*

இது இரண்டு பக்கமும் நடக்கிறது. வீட்டு ஓனராகவும் வருவார்கள், வாடகைக்கு வருபவராகவும் வருவார்கள். "திடீர்னு டிரான்ஸ்ஃபர், நேர்ல வர முடியாது" என்பார்கள். நம்பிக்கை வர வேண்டுமே? சீருடையில் போட்டோ, அடையாள அட்டை, ஆதார் என்று கேட்காமலே அனுப்புவார்கள். அந்த அட்டை பெரும்பாலும் வேறு யாரிடமிருந்தோ திருடியதாகவோ, போலியாகவோ இருக்கும். இதை யோசித்துப் பாருங்கள். இன்று நீங்கள் அனுப்பும் ஆதார் படம், நாளை இன்னொருவரை ஏமாற்ற இதேபோல் பயன்படலாம்.

வீட்டு ஓனர்களிடம் இவர்கள் பேசும் விதமே வேறு. "அட்வான்ஸ் அனுப்புறேன். எங்க அக்கவுன்ட்ல முறை வேற. முதல்ல நீங்க ஒரு ரூபாய் அனுப்புங்க, நான் திருப்பி அனுப்புறேன்" என்பார்கள். ஒரு ரூபாய் சரியாகத் திரும்பி வரும். அடுத்து ஒரு க்யூஆர் கோடு வரும். "இதை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, 50,000 வந்துடும்." வராது. உங்கள் கணக்கிலிருந்துதான் போகும்.

இதை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்: யுபிஐ-யில் பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. பின் கேட்கிறது என்றாலே பணம் வெளியே போகிறது என்றுதான் அர்த்தம். தனிநபர்கள் ஒருவருக்கொருவர் 'பணம் கேட்டு' கோரிக்கை அனுப்பும் வசதியை வைத்து நடந்த மோசடிகளைத் தடுக்க, 2025 அக்டோபர் முதல் அந்த வசதியையே தேசிய கொடுப்பனவுக் கழகமான என்பிசிஐ நிறுத்தச் சொல்லிவிட்டது. ஆனால் க்யூஆர் கோடு தந்திரம் இன்னும் இருக்கிறது.

*3. லீஸ் மோசடி*

மாத வாடகை இல்லை, மொத்தமாகச் சில லட்சம் கொடுத்தால் போதும், காலி செய்யும்போது முழுப் பணமும் திரும்ப வரும். இதைத்தான் லீஸ், போக்கியம் என்கிறோம். நடுத்தரக் குடும்பத்தின் மொத்தச் சேமிப்பும் இதில்தான் போய் நிற்கும்.

மோசடி இப்படித்தான் நடக்கும். உதாரணத்துக்கு, ஒரு இடைத்தரகர் ஓனரிடம் வீட்டை மாதம் 20,000 ரூபாய் வாடகைக்கு எடுப்பார். அதே வீட்டை உங்களிடம் 8 லட்சத்துக்கு லீசுக்கு விடுவார். சில மாதம் ஓனருக்கு வாடகை ஒழுங்காகப் போகும். பிறகு ஆளைக் காணோம். "வாடகை வரலை, வீட்டைக் காலி பண்ணுங்க" என்று ஓனர் கதவைத் தட்டும்போதுதான், தான் பணம் கொடுத்தது வேறு யாரிடமோ என்று குடும்பத்துக்குத் தெரியவரும். ஓனர் மேல் தப்பில்லை. வீடும் உங்களுக்கு இல்லை.

லீஸ் என்றால் ஓனரை நேரில் பார்க்காமல், அவர் கையெழுத்து இல்லாமல், அவர் வங்கிக் கணக்குக்கு இல்லாமல் பணம் கொடுக்கவே கூடாது. லட்சக்கணக்கில் கொடுக்கும் ஒப்பந்தத்தை வெறும் பத்திரத் தாளில் எழுதி பீரோவில் வைத்துவிடாமல், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள்.

*ஓனர் உண்மையிலேயே ஓனர்தானா?*

இதைச் சோதிக்க வக்கீல் தேவையில்லை. மூன்று விஷயம் கேளுங்கள்.

- சமீபத்திய சொத்து வரி ரசீது: அதில் உள்ள பெயர் யாருடையது?
- மின் கட்டண ரசீது: பெயரும் முகவரியும் பொருந்துகிறதா?
- வில்லங்கச் சான்று: சர்வே எண் அல்லது பத்திர எண் தெரிந்தால், தமிழ்நாடு பதிவுத்துறை இணையதளத்தில் கட்டணம் இல்லாமலேயே பார்க்கலாம். பதிவு செய்யப்பட்ட அடமானம் இருந்தாலும் இதில் தெரியும்.

மின் இணைப்பு இறந்துபோன அப்பா பெயரிலேயே இருப்பது நம் ஊரில் சகஜம். அதனால் ஒரு ரசீதில் பெயர் மாறியிருந்தாலே மோசடி என்று முடிவு கட்ட வேண்டாம். காரணம் கேளுங்கள். கேட்டதும் கோபப்படுகிறார், அவசரப்படுத்துகிறார் என்றால் யோசியுங்கள். அக்கம்பக்கத்து வீட்டிலும், வாட்ச்மேனிடமும் ஒரு வார்த்தை விசாரிப்பதைவிட நல்ல சோதனை எதுவும் கிடையாது.

பணம் அனுப்பும்போது யுபிஐ திரையில் வங்கிக் கணக்கில் உள்ள பெயர் தெரியும். ஓனர் பெயர் ஒன்று, திரையில் வரும் பெயர் வேறு என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

*எந்த ஆவணத்தை எப்போது கொடுக்கணும்?*

ஓனர் உங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள நினைப்பதில் தப்பில்லை. அவர் வீடு அது. 2012-ல் சென்னையில் வாடகைதாரர்களின் விவரங்களை வீட்டு உரிமையாளர்கள் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்று காவல் ஆணையர் உத்தரவே போட்டிருந்தார். பிரச்னை கொடுப்பதில் இல்லை. யாரிடம், எந்தக் கட்டத்தில், எவ்வளவு கொடுக்கிறோம் என்பதில்தான்.

*வீடு பார்க்கும் முன்:* பெயர், போன் நம்பர், எத்தனை பேர் குடியிருப்போம், எங்கே வேலை. இது போதும். "ஆதார் அனுப்பினால்தான் லொகேஷன் அனுப்புவோம்" என்றால் அந்த வீடே வேண்டாம்.

*வீடு பிடித்துப் பேசி முடித்த பிறகு:* அடையாள அட்டையை நேரில் காட்டலாம். வேலைக்கு ஆதாரமாக அலுவலக அடையாள அட்டை போதுமா என்று கேட்டுப் பாருங்கள்.

*அக்ரிமென்ட் போடும்போது:* அடையாள ஆவண நகல் தேவைப்படும். அக்ரிமென்ட் பதிவுக்கு ஆதார், பான் விவரம் கேட்கலாம். அதை ஓனரிடம் நேரடியாகக் கொடுங்கள். நடுவில் உள்ள நான்கு பேரின் வாட்ஸ்அப்பில் சுற்ற விடாதீர்கள்.

*எப்போதும் கொடுக்கக் கூடாதவை:* ஓடிபி, யுபிஐ பின், ஏடிஎம் கார்டு நம்பர், நெட் பேங்கிங் பாஸ்வேர்டு. 'வெரிஃபிகேஷன்' என்று சொல்லி லிங்க் அனுப்பி செயலி இறக்கச் சொன்னாலும் வேண்டாம்.

சம்பளத்துக்கு ஆதாரம் கேட்டால் கடைசி ஒரு மாத சம்பள சீட்டு போதும். அதிலும் வங்கிக் கணக்கு எண், பான், பிஎஃப் எண் ஆகியவற்றை மறைத்துவிட்டுக் கொடுங்கள். ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்டில் நீங்கள் எங்கே மருந்து வாங்கினீர்கள், யாருக்குப் பணம் அனுப்பினீர்கள் என்பது வரை இருக்கும். வாடகை கட்ட முடியுமா என்று தெரிந்துகொள்ள அவ்வளவும் தேவையில்லை.

இன்னொரு விஷயம். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால், அலுவலகத்தில் வீட்டு வாடகைப்படிக்கு வரிச் சலுகை கேட்க ஓனரின் பான் எண் உங்களுக்குத் தேவைப்படும். அதை ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள். பான் தர மறுக்கும் ஓனரிடம் அட்வான்ஸ் கொடுத்த பிறகு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

*மறைக்கப்பட்ட ஆதார்: எடுப்பது எப்படி?*

ஆதார் நகலில் 12 இலக்கமும் தெரிய வேண்டும் என்ற கட்டாயம் எல்லா இடத்திலும் இல்லை. முதல் 8 இலக்கம் மறைந்து கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' இருக்கிறது. இதையும் யுஐடிஏஐ-யே தருகிறது.

1. மைஆதார் இணையதளத்தில் ஆதார் எண்ணையும், பதிவு செய்த மொபைலுக்கு வரும் ஓடிபியையும் கொடுத்து உள்ளே செல்லுங்கள்.
2. 'டவுன்லோட் ஆதார்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.
3. 'மாஸ்க்டு ஆதார்' என்ற கட்டத்தை டிக் செய்து இறக்கிக்கொள்ளுங்கள்.
4. கோப்பைத் திறக்க பாஸ்வேர்டு: ஆங்கிலத்தில் உங்கள் பெயரின் முதல் நான்கு எழுத்து (பெரிய எழுத்தில்), அடுத்து பிறந்த ஆண்டு.

ஜெராக்ஸ் கொடுக்கும்போது அதன் குறுக்கே, "வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்" என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். எழுத்து படத்தின் மேலும் எண்ணின் மேலும் படும்படி இருக்கட்டும். ஓரத்தில் எழுதினால் மறைத்து மறுபடி ஜெராக்ஸ் எடுத்துவிடலாம். ஜெராக்ஸ் கடையில் போனிலிருந்து அனுப்பி பிரின்ட் எடுத்தால், அவர்கள் கம்ப்யூட்டரில் இருந்து அழிக்கச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

"ஒரு ஜெராக்ஸ்ல என்ன ஆயிடப் போகுது?" என்று தோன்றலாம். அடுத்தவர் ஆவணத்தில் சிம் கார்டு வாங்குவது, ஆன்லைன் கடன் எடுப்பது, போலி நிறுவனம் தொடங்குவது எல்லாம் நடக்கிறது. தினக்கூலிக்கு வேலை பார்ப்பவர்களுக்கு லட்சக்கணக்கிலும் கோடிக்கணக்கிலும் ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்த சம்பவங்களை தமிழ்நாட்டிலேயே பார்த்திருக்கிறோம். அவர்கள் செய்த தப்பு, ஆவணத்தை யாரிடமோ நம்பிக் கொடுத்தது மட்டும்தான்.

*அட்வான்ஸ் பற்றி சட்டம் என்ன சொல்லுது?*

தமிழ்நாட்டில் வாடகை விஷயத்துக்கென 2017-ல் இயற்றப்பட்ட சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்யப்பட வேண்டும். இருவரும் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாத பட்சத்தில், அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும்.

"இங்க பத்து மாச அட்வான்ஸ்தான் வழக்கம்" என்று சொல்லும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. நீங்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் அந்த மூன்று மாதப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். அட்வான்ஸை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்புங்கள். தொகையை அக்ரிமென்டிலும் எழுதுங்கள்.

*ஏமாந்துட்டோம்னு தெரிஞ்சா?*

வெட்கப்பட்டு வீட்டில் மறைக்க வேண்டாம். இதில் நேரம்தான் முக்கியம்.

- உடனே *1930* என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். பணம் இன்னொரு கணக்குக்கு மாறும் முன் முடக்க வாய்ப்பு உண்டு. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் புகார் பதிவு செய்யலாம்.
- உங்கள் வங்கிக்குப் போன் செய்து பரிவர்த்தனை எண்ணைச் சொல்லுங்கள்.
- சாட், விளம்பரம், போன் நம்பர், பணம் போன ரசீது எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கோபத்தில் அழித்துவிடாதீர்கள்.
- "போன பணத்தை மீட்டுத் தர்றோம், கட்டணம் மட்டும் கட்டுங்க" என்று வரும் அழைப்பை எடுக்கவே வேண்டாம். அது இரண்டாவது மோசடி.

பணம் போகவில்லை, ஆவணம் மட்டும் தப்பான கைக்குப் போய்விட்டது என்றாலும் சும்மா இருக்கக் கூடாது. மைஆதார் தளத்தில் ஆதார் பயோமெட்ரிக்கை லாக் செய்யுங்கள். உங்கள் ஆதார் எங்கெல்லாம் பயன்பட்டது என்ற கடந்த ஆறு மாத விவரத்தையும் அங்கே பார்க்கலாம். சந்தேகம் இருந்தால் ஆதார் உதவி எண் *1947*. உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்பதை 'சஞ்சார் சாத்தி' தளத்தில் தெரிந்துகொள்ளலாம், உங்களுடையது இல்லாத எண்ணை அங்கேயே புகார் செய்யலாம். சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதில் நீங்கள் வாங்காத கடன் இருக்கிறதா என்று பாருங்கள்.

நல்ல வீடு கை நழுவிப் போய்விடுமோ என்ற பயம்தான் மோசடிக்காரர்களின் முதலீடு. உண்மையான ஓனர் நீங்கள் வந்து வீட்டைப் பார்க்கும் வரை காத்திருப்பார். ஒரு நாள்கூடக் காத்திருக்க மாட்டேன் என்பவரிடம் ஆதாரும் கொடுக்காதீங்க, அட்வான்ஸும் கொடுக்காதீங்க.

வீடு தேடிக்கொண்டிருக்கும் உங்கள் நண்பர்களுக்கும், போர்ஷனை வாடகைக்கு விடும் அப்பா அம்மாவுக்கும் இதை அனுப்பி வையுங்கள்.