கடலோரமும் கொடிமலையும்: ஒருநாள் சுற்றுலாவில் ஒரு வரலாற்றுப் பாடம்



ஆண்டுதோறும் நம் தமிழ்ப்பள்ளிகளில் ஒருநாள் கல்விச் சுற்றுலா நடைபெறுவது வழக்கம். பேருந்து வரும், பொட்டலம் கட்டிய நாசி லெமாக் வரும், மாலையில் களைத்துப்போன பிள்ளைகள் வீடு திரும்புவர். எங்கே போனாய் என்று கேட்டால் இடத்தின் பெயரைச் சொல்வார்கள். என்ன தெரிந்துகொண்டாய் என்று கேட்டால் பெரும்பாலும் மௌனமே விடையாகக் கிடைக்கும். குறை பிள்ளைகளிடம் இல்லை. நாம் அவர்களை இடங்களுக்கு அழைத்துச் செல்கிறோம். அந்த இடங்களின் வரலாற்றுக்குள் அழைத்துச் செல்வதில்லை.

கெலுகோரில் வாழும் எனக்கு ஒருபுறம் கடல், மறுபுறம் மலை. சென்ற ஆண்டு ஐந்தாம் ஆண்டு மாணவர்களோடு சென்ற சுற்றுலாவை இந்த இரண்டையும் இணைத்தே அமைத்தேன். அதைப் பற்றியும், அதன் பின்னர் ஒரு தாயார் என்னிடம் கேட்ட கேள்வியைப் பற்றியும் இங்கே எழுத விரும்புகிறேன்.

முதல் நிறுத்தம்: கோட்டை

1786 ஆகஸ்டு 11-ஆம் நாள் பிரான்சிஸ் லைட் இத்தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கைக்கொண்டார். அவர் இறங்கிய இடத்தருகே கார்ன்வாலிஸ் கோட்டை நிற்கிறது. அதன் செங்கல் மதிலைத் தொட்டுப் பார்த்த ஒரு மாணவன், "டீச்சர், இதைக் கட்டுனது லைட்டா?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. லைட் அமைத்தது நிபோங் பனைமரத் தண்டுகளால் ஆன வேலி மட்டுமே. அவர் 1794-இல் மலேரியாக் காய்ச்சலால் இறந்துவிட்டார். செங்கல்லும் கல்லும் கொண்டு கோட்டையை எழுப்பும் பணி அதற்குப் பத்தாண்டுகள் கழித்து, 1804-இல் தொடங்கியது. அந்த வேலையைச் செய்தவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்டு இங்குக் கொண்டுவரப்பட்ட கைதிகள். கோட்டை மட்டுமன்று, காட்டை வெட்டியதும், சாலை போட்டதும், சதுப்பு நிலத்தைத் தூர்த்ததும் அவர்கள் உழைப்பே. நீரிணைக் குடியேற்றங்களில் இந்தியக் கைதிகளைப் பயன்படுத்தும் முறை 1873-இல்தான் முடிவுக்கு வந்தது.

அவர்கள் அனைவரும் தமிழர் அல்லர் என்பதையும் மாணவர்களிடம் சொன்னேன். வங்காளம், பம்பாய், சென்னை ஆகிய மூன்று மாகாணங்களிலிருந்தும் வந்தவர்கள் அவர்களிடையே இருந்தனர். வரலாறு சொல்லும்போது இல்லாததைச் சேர்த்துப் பெருமை தேடக்கூடாது அல்லவா!

இரண்டாம் நிறுத்தம்: கொடிமலை

ஆயர் ஈத்தாமிலிருந்து மலை இரயில் ஏறினோம். நம்மவர் கொடிமலை என்று அழைக்கும் இந்த மலைக்கு மலாயில் புக்கிட் பெண்டேரா என்று பெயர். கப்பல்களின் வருகையை அறிவிக்க உச்சியில் கொடிமரம் இருந்ததால் வந்த பெயர் அது. இருப்புப்பாதை 1923-இல் திறக்கப்பட்டது. என் பள்ளி நாள்களில் நடுநிலையத்தில் இறங்கி வேறு பெட்டி மாறவேண்டும். பயணம் அரை மணி நேரம் பிடிக்கும். 2010-இல் அந்தப் பழைய இரயில் நிறுத்தப்பட்டது. 2011 முதல் ஓடும் புதிய இரயில் பெட்டி மாறாமலே சில நிமிடங்களில் மேலே சேர்த்துவிடுகிறது.

ஆனால் மாணவர்களிடம் நான் கேட்டது வேறு. "இரயில் வருவதற்கு நூறு ஆண்டுக்கும் முன்னரே இங்கே வெள்ளைக்காரர் மாளிகைகள் இருந்தன. அவர்கள் எதற்காக இவ்வளவு உயரம் வந்தார்கள்? எப்படி வந்தார்கள்?"

முதல் கேள்விக்கு விடை: காய்ச்சல். லைட்டின் காலத்திலேயே மலைக்குப் பாதை வெட்டப்பட்டது. கீழே ஜார்ஜ் டவுனில் காய்ச்சல் ஐரோப்பியரைக் கொன்றுகொண்டிருந்தது. மலைக்காற்று நோயைத் தீர்க்கும் என்று நம்பி, நோயுற்றவர் தங்கித் தேற இங்கே விடுதிகள் கட்டினர். இரண்டாம் கேள்விக்கு விடை: குதிரை மீது வந்தார்கள், அல்லது நாற்காலியில் அமர்ந்து மனிதர் தோள்மீது வந்தார்கள். மலையுச்சியில் உள்ள முருகன் கோயிலுங்கூட, இங்குப் பணிபுரிந்த இந்தியச் சிப்பாய்களும் பல்லக்குத் தூக்கிகளும் வழிபட்ட சிறு சன்னிதியாகத் தொடங்கியது என்றே வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

இது பினாங்குக்கு மட்டும் உரிய கதையன்று. மத்தியதரைக் கடலோர நாடுகளைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். வெயில் பளிச்சிடும் கடற்கரை, அதற்கு மேலே குன்றின்மீது கொத்தாக வீடுகள். இன்று உல்லாசப் பயணிகள் காலையில் கடற்கரையிலும் மாலையில் குன்றூரிலுமாக ஒருநாளைக் கழிக்கிறார்கள். அவ்வூர்களில் பல குன்றேறியதற்கு அழகு காரணமன்று. சதுப்பு நிலக் காய்ச்சலுக்கும் கடற்கொள்ளையருக்கும் அஞ்சியே மக்கள் உயரத்தில் குடியேறினர். மலேரியா என்ற சொல்லே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்னும் பொருளுடையது.

மலையிலிருந்து தெரியும் தீவு

வானம் தெளிவாக இருந்தால் மலையுச்சியிலிருந்து 1985-இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலம் தெரியும். அதற்குத் தெற்கே, நம் கெலுகோர், பத்து ஊபான் கரைகளுக்கு அண்மையில், பச்சைப் பசேலென ஒரு தீவு. அதுதான் ஜெரெஜாக்.

நோய் பரவும் என்ற அச்சத்தால் வந்தவரைத் தனியே நிறுத்திவைக்கும் முறையும் அதே மத்தியதரைக் கடலோரத்தில் உருவானதுதான். 1377-இல் ரகுசா நகரம் கொள்ளைநோய்ப் பகுதிகளிலிருந்து வருவோர் முப்பது நாள் வெளியே காத்திருக்கவேண்டும் எனச் சட்டம் செய்தது. வெனிஸ் நகரம் 1423-இல் அருகிலிருந்த தீவொன்றில் கொள்ளைநோய் மருத்துவமனை அமைத்தது. முப்பது நாள் பின்னர் நாற்பதாயிற்று. குவாரண்டைன் என்னும் சொல் பிறந்தது அந்த நாற்பதிலிருந்துதான்.

நமக்கு அந்தத் தீவு ஜெரெஜாக். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே தொழுநோயாளர் இல்லமும், கப்பலில் வந்தோரை நிறுத்திவைக்கும் நிலையமும் அமைந்தன. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த கப்பல்கள் மலாயாவில் முதலில் தொட்ட துறைமுகம் பினாங்கு. அம்மை, வாந்திபேதி அச்சம் இருந்தால் தளப்பயணிகள் தீவில் இறக்கப்பட்டனர். பின்னர் 1969 முதல் 1993 வரை அதே தீவு சிறையாகவும் இருந்தது.

என் பாட்டி 1930-களில் சிறுமியாகப் பெற்றோருடன் வந்தவர். ஜெரெஜாக் என்ற பெயர் அவருக்குத் தெரியாது. "தீவு" என்றே சொல்வார். உடுத்திருந்த துணியை வாங்கிக்கொண்டு போய் ஆவியில் அவித்துக் கொடுத்தார்கள் என்றும், அது திரும்பி வரும்வரை கொட்டகையில் கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தோம் என்றும் ஒரேயொரு முறை சொன்னார். பினாங்கிலேயே வாழ்ந்து மறைந்த அவர், ஒருமுறைகூடக் கொடிமலை ஏறியதில்லை.

நோய்க்கு அஞ்சியவர்களுக்கு மலை. நோய் இருக்கும் என்று அஞ்சப்பட்டவர்களுக்குத் தீவு. ஒரே ஊரில், ஒரே காலத்தில் இரண்டும் நடந்தன. இதை நான் மாணவர்களிடம் மலையுச்சியில் நின்று சொன்னபோது, வழக்கமாகக் கூச்சலிடும் வகுப்பு அமைதியாக நின்றது.

ஒரு தாயாரின் கேள்வி

சுற்றுலா முடிந்த மறுவாரம் ஒரு மாணவியின் தாயார் பள்ளிக்கு வந்தார். கோபமாகப் பேசவில்லை, வருத்தமாகத்தான் பேசினார். "டீச்சர், கைதி, கூலின்னு எதுக்குப் பிள்ளைங்ககிட்ட சொல்றீங்க? இராஜேந்திர சோழன் கடாரத்தை வென்றதைச் சொல்லலாமே. பிள்ளை தலைநிமிர்ந்து நடக்கணும் இல்லையா?"

அவர் கேட்டதில் நியாயம் உண்டு. 1025-ஆம் ஆண்டுப் படையெடுப்பையும் பூஜாங் பள்ளத்தாக்கையும் நம் பிள்ளைகள் கட்டாயம் அறியவேண்டும். வகுப்பில் அதையும் நான் கற்பிக்கிறேன். ஆனால் நம்மில் எத்தனை பேர் சோழர் படையோடு வந்தவரின் வழித்தோன்றல்? நம்முள் மிகப் பலரின் முன்னோர் கப்பலின் தளத்தில் படுத்து வந்தவர்கள். மன்னனை மட்டும் சொல்லிக் கொடுத்தால், தன் சொந்தக் கொள்ளுத்தாத்தாவைப் பற்றி வெட்கப்படவும் சேர்த்தே கற்றுக்கொடுக்கிறோம். இதைத்தான் அந்தத் தாயாரிடம் சொன்னேன். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. சற்று நேரம் கழித்து, "எங்க மாமியாரோட அப்பாவும் கப்பல்லதான் வந்தாராம். மாமியார்கிட்டக் கேட்கச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லிச் சென்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த சுற்றுலாவுக்கு எந்த இடம் போனாலும் மூன்று கேள்விகளைத் தாளில் அச்சிட்டுக் கொடுங்கள். இதைக் கட்டியவர் யார்? இங்கே இன்பமாகத் தங்கியவர் யார்? உள்ளே வர இயலாதவர் யார்?

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். கப்பலில் வந்த தலைமுறை ஏறத்தாழ மறைந்துவிட்டது. அவர்கள் வாயால் கேட்டவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். பிள்ளையை அவர்கள் அருகில் உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள். கேட்டதை எழுதச் சொல்லுங்கள். என் பாட்டியிடம் நான் இன்னொரு முறை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்தத் தவறு உங்கள் வீட்டில் நேரவேண்டாம்.