கறி இல்லாத ஆட்டுக்குட்டியும் நம்ம முந்திரியும்

இத்தாலிக்குத் தெற்கே சிசிலின்னு ஒரு தீவு. ஈஸ்டர் வந்தா அங்க மிட்டாய்க் கடைகள்ல ஒரு ஆட்டுக்குட்டி படுத்திருக்கும். காலை மடக்கி, தலையைத் தூக்கி, முதுகுல ஒரு சின்ன சிவப்புக் கொடியோட. ரோமம் சுருள் சுருளா இருக்கும், கண்ணு கறுப்பா இருக்கும். தொட்டுப் பார்த்தாதான் தெரியும், அது பாதாம் பருப்பையும் சர்க்கரையையும் அரைச்சுப் பிசைஞ்சு அச்சுல அமுக்கி எடுத்த இனிப்புன்னு. மார்சிபான்னு உலகம் சொல்ற அதே சரக்கு. சிசிலிக்காரங்க அதை 'பாஸ்தா ரியாலே'ன்னு சொல்றாங்க, அதாவது ராஜா மாவு. இதுக்கு அடுப்பு வேணும், பாகு காய்ச்சறதுக்கு மட்டும். பேக்கரி அடுப்புல வெச்சு வேக வைக்கிற வேலையே கிடையாது.

பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு வெச்சிருக்கிற எனக்கு சிசிலி ஆட்டுக்குட்டியோட என்ன வேலைன்னு கேப்பீங்க. கொஞ்சம் சுத்தி வரணும்.

ஈஸ்டருக்கு முன்னாடி 40 நாள் தவக்காலம். பழைய காலத்துல ஐரோப்பாவுல கறி மட்டும் இல்ல, பால், வெண்ணெய், முட்டைகூட தொடமாட்டாங்க. அந்த நாள்கள்ல வசதியான வீட்டுச் சமையல்ல பாலுக்குப் பதிலா பாதாம் பால்தான். அதனால விரதத்துக்கும் பாதாமுக்கும் உறவு ரொம்பப் பழசு. இன்னொரு பக்கம், ஆட்டுக்குட்டி யூதர்களோட பாஸ்கா பலியில இருந்து வந்த அடையாளம். கிறிஸ்தவங்களுக்கு அது ஏசுவையே குறிக்கும். இந்த ரெண்டும் ஒண்ணா சேர்ந்தா பாதாம்ல ஆட்டுக்குட்டி. ஈஸ்டர் அன்னிக்கு நிஜ ஆட்டுக்கறியும் சாப்பிடத்தான் செய்வாங்க, அது வேற பந்தி.

சிசிலிக்கு சர்க்கரை எப்படிப் போச்சு? கரும்புச் சாறைக் காய்ச்சிக் கட்டியாக்குற வித்தை நம்ம நாட்டுது. இங்கிருந்து பாரசீகம், அங்கிருந்து அரபு நாடு. அரபுக்காரங்க 827இல் சிசிலியில இறங்கினப்போ கரும்பும் பின்னாலேயே போச்சு. சொல்லும் கூடவே நடந்து போயிருக்கு: சர்க்கரா, ஷக்கர், சுக்கர், கடைசியில இத்தாலிய மொழியில சுக்கெரோ. கண்டுன்னு நாம சொல்றமே, கற்கண்டுல இருக்கிற கண்டு, அதோட சொந்தக்காரன்தான் இங்கிலீஷ்ல இருக்கிற கேண்டி. எங்க மாவட்டத்துல நெல்லிக்குப்பத்துல 1840கள்லயே சர்க்கரை ஆலை வந்துடுச்சு. ஒரு கைப்பிடி சர்க்கரைக்குள்ள இவ்வளவு தூரம் நடந்த நடை இருக்கு.

அரபுக்காரங்களுக்கு அப்புறம் நார்மன்காரங்க சிசிலியைப் பிடிச்சாங்க. ஆனா இனிப்பு வேலை நின்னு போகல. போகப் போக அது கன்னிமாடங்களுக்குள்ள புகுந்துடுச்சு. பலெர்மோ ஊர்ல மார்த்தொரானான்னு ஒரு கன்னிமாடம், 1194இல் தொடங்கினது. அங்க பெரிய விருந்தாளி ஒருத்தர் வரப்போறார், தோட்டத்து மரமெல்லாம் மொட்டையா நிக்குது, கன்னியாஸ்திரீங்க மார்சிபான்ல பழம் செஞ்சு கிளை கிளையா கட்டித் தொங்கவிட்டாங்கன்னு ஒரு கதை. கதைதான், ஆனா அந்தப் பழ மிட்டாய்க்கு இன்னிக்கும் மார்த்தொரானா பழம்னுதான் பேரு. ஃபவாராங்கிற ஊர்ல ஆட்டுக்குட்டி வயித்துக்குள்ள பிஸ்தா விழுது வெச்சு செய்வாங்க. அதுவும் கன்னிமாடத்துல ஆரம்பிச்சதுதான்னு அந்த ஊர்க்காரங்க சொல்றாங்க.

மடங்களுக்கு இதுல வருமானம் இருந்தது. சுவர்ல சுழல்ற மரப்பெட்டி ஒண்ணு இருக்கும். வெளியில நிக்கிறவங்க காசை வெச்சுச் சுத்தினா, உள்ளேயிருந்து இனிப்பு வரும். முகம் தெரியாது. 1866இல் இத்தாலி அரசாங்கம் மடங்களோட சொத்தைப் பறிச்சு கலைக்கச் சட்டம் போட்டுச்சு. பல மடம் மூடிடுச்சு. தப்பிச்சு நின்ன சில இடங்கள்ல இந்தக் கைவேலை 20ஆம் நூற்றாண்டு வரைக்கும் வந்தது.

நான் ரொம்ப நேரம் நினைச்சுட்டே இருந்தது மரியா கிராமாத்திகோங்கிற அம்மாவைப் பத்தி. மலை உச்சியில இருக்கிற எரிச்சே ஊர். 1950களோட தொடக்கத்துல அப்பா இறந்துட்டார். அம்மாவுக்கு எல்லாப் பிள்ளைகளையும் வளர்க்க வழியில்ல. 11 வயசுப் பொண்ணையும் தங்கச்சியையும் சான் கார்லோ மடத்துல சேர்த்துட்டாங்க. படிக்க இல்ல, வேலை செய்ய. பாதாமை உடைக்கணும், சுடுதண்ணில போட்டுத் தோலுரிக்கணும், அரைக்கணும், பண்டிகை நெருங்கினா ஆட்டுக்குட்டியும் பழமும் செய்யணும். பக்குவத்தை யாரும் உட்கார வெச்சுச் சொல்லிக் கொடுக்கல. பார்த்துப் பார்த்தே கத்துக்கிட்டாங்க. இருபது வயசு தாண்டி வெளியே வந்து, கையில இருந்த அந்த ஒரே தொழிலை வெச்சு அதே ஊர்ல கடை போட்டாங்க. கடை பேர் வாங்கிடுச்சு. அவங்க சொல்லச் சொல்ல மேரி டெய்லர் சிமெட்டி எழுதின புத்தகம் 1994இல் வந்தது. பேரு 'கசப்புப் பாதாம்'னு அர்த்தம் வர்ற மாதிரி. சரியாத்தான் வெச்சிருக்காங்க.

பருப்பு உடைக்கிற பொண்ணுங்கன்னு படிச்ச உடனே எனக்கு எங்க ஊர் ஞாபகம்தான். இங்க பாதாம் இல்ல, முந்திரி.

முந்திரி நம்ம மரம் இல்லைன்னு டவுன்ல நிறைய பேருக்குத் தெரியாது. பிரேசில்காரன். அங்க துப்பி பழங்குடிங்க 'அகாஜு'ன்னு சொன்னதை போர்த்துகீசியர் 'காஜு' ஆக்கி, 16ஆம் நூற்றாண்டுல கப்பல்ல நம்ம மேற்குக் கரைக்குக் கொண்டு வந்தாங்க. தமிழ்ல முந்திரிங்கிற சொல் திராட்சைக்கும் உண்டு, கொடிமுந்திரின்னு சொல்றோமே. குமரி மாவட்டத்துல இன்னும் கொல்லாமரம்னுதான் சொல்வாங்க.

கோவாவை 1510இல் பிடிச்ச போர்த்துகீசியர் அவங்க இனிப்பையும் கொண்டு வந்தாங்க. ஆனா பாதாம் இங்க விளையாது, வெளியிலிருந்து வரணும், விலை ஜாஸ்தி. தோப்பு முழுக்க முந்திரி நிக்குது. யாரோ ஒரு அம்மா பாதாமுக்குப் பதில் முந்திரியை அம்மியில வெச்சுட்டாங்க. அந்த அம்மா பேரு எந்தச் சரித்திரத்துலயும் இருக்காது. இன்னிக்கு கோவாவுலயும் பம்பாயிலும் ஈஸ்டருக்கு வர்ற மார்சிபான் முட்டை, கோழிக்குஞ்சு, முயல், மீன் எல்லாம் பெரும்பாலும் முந்திரிதான். முயல் மட்டும் சிசிலி வழி வரல, அது ஜெர்மன் நாட்டுக் கதை. 1682லேயே அதை எழுதி வெச்சிருக்காங்க.

நம்ம காஜு கத்லியும் கிட்டத்தட்ட இதே பண்டம்தான். அது வைர வடிவத்துல வெள்ளித்தாள் ஒட்டிக்கிட்டு கல்யாணத்துக்குப் போகுது, இது முயலா வடிவெடுத்து ஈஸ்டருக்குப் போகுது.

ஈஸ்டர் தேதியும் நமக்கு அந்நியம் இல்ல. மார்ச் 21இலோ அதுக்கு அப்புறமோ வர்ற முதல் பௌர்ணமி, அதுக்கு அடுத்த ஞாயிறு. பெரும்பாலும் பங்குனிப் பௌர்ணமிக்குப் பக்கத்துல வந்து நிக்கும். எங்களுக்கு அப்போ முந்திரி பொறுக்குற சீசன். காலையில செம்மண்ல விழுந்து கிடக்கிற பழத்தைத் திருகிக் கொட்டையைத் தனியா எடுக்கணும். பழம் பாதிக்கு மேல மண்ணுக்கே போகுது.

கொட்டை ஓட்டுல ஒரு எண்ணெய் இருக்கு. தோல்ல பட்டா வெந்து போகும். உடைக்கிற பொம்பளைங்க விரல் கறுத்து, நுனி உரிஞ்சு இருக்கும். கையில சாம்பலைத் தடவிக்கிட்டு உட்காருவாங்க. சில அக்காக்களுக்கு ரேகையே தேஞ்சு போய் கைரேகை மெஷின் எடுக்க மாட்டேங்குது. பருப்பு முழுசா வந்தா ஒரு விலை, உடைஞ்சா ஒரு விலை. முழுசு பெட்டியில அடுக்கிப் போகும். உடைஞ்சதுதான் ஸ்வீட் கடைக்குப் போகும். பொடியாக்குறதுக்கு எதுக்கு முழுப்பருப்பு? அதனால நீங்க கடிக்கிற முயல் காது, யாரோ ஒரு அக்காவுக்குக் கூலி குறைஞ்ச பருப்பா இருக்கலாம்.

2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் வந்து எங்க பக்கத்துத் தோப்பையெல்லாம் ஒரே காலையில சாய்ச்சுட்டுப் போச்சு. தாத்தா வெச்ச மரங்க. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்து ஒட்டுக் கன்னுகளை வெச்சு மறுபடி எழுப்பினோம். அந்த இடைவெளியில உடைக்கிற கொட்டைக்கு ஆப்பிரிக்காவைத்தான் ரொம்ப நம்பினாங்க. இன்னிக்கும் கப்பல்ல வருது. ஆக, பண்ருட்டி முந்திரின்னு பேர் போட்ட பாக்கெட்டுல மரம் எந்த நாட்டுதுன்னு சொல்ல முடியாது, உடைச்ச கை எந்த ஊருன்னு வேணா சொல்லலாம்.

செஞ்சு பார்க்கணும்னா, கால் கிலோ முந்திரித்துண்டு வாங்குங்க, உடைஞ்சதே போதும். மிக்ஸியில விட்டு விட்டு அரைங்க; தொடர்ந்து ஓட்டினா எண்ணெய் விட்டு களியாயிடும். சலிச்சுக்கோங்க. அதே எடை சர்க்கரை, அது நனையுற அளவு தண்ணி, ஒரு கம்பிப் பதம் வந்ததும் பொடியைக் கொட்டி சிம்மில கிளறுங்க. சட்டியை விட்டு உருண்டு வரும்போது இறக்கி, கொஞ்சம் பன்னீர் தெளிச்சு, கை பொறுக்கிற சூட்டுல பிசையணும். நெய் தடவின அச்சு இருந்தா அச்சு, இல்லன்னா கையிலயே. உடம்பு ஒரு உருண்டை, தலை ஒரு சின்ன உருண்டை, கண்ணுக்கு மிளகு வேண்டாம், குழந்தை கடிச்சுடும், கருப்பு எள்ளு வைங்க. சுருள் ரோமத்துக்கு டீ வடிகட்டியில அமுக்கிப் பிதுக்கினா நூல் நூலா வரும், அதை எடுத்து ஒட்டிடலாம். காதுதான் கஷ்டம். ஆறினப்புறம் ஒட்டினா நிக்காது, சூடா இருக்கும்போதே வெச்சுடுங்க.